கல்லானுக்கு வந்த கடிதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மீசை கிடையாது. நான் நாற்பத்தொரு வயதுப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், பம்புக்கு உள்ளே போகும் சின்னச் சின்னப் பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிறேன். திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறேன். ஆனால் ஒரே ஓர் ஆள் மட்டும் என்னைப் பெரிய மீசை வைத்த, லேசாகத் தொப்பை விழுந்த ஆம்பளை என்று நம்பிக்கொண்டிருந்தான். நம்பவைத்தது நான்தான்.

விவாகரத்து ஆனபோது அவர் எடுத்துக்கொண்டு போகாத உருப்படியான பொருள் ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓர் ஆன்லைன் விளையாட்டு இருந்தது. வாள், மந்திரம், கோட்டை, பறக்கும் மிருகம் என்று உள்ளே ஒரு பெரிய உலகம். எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதற்குள் வந்து உலாத்துவார்கள். நுழையும்போது என்ன இனம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நான் மனிதப் பெண்ணாகத்தான் போனேன். வயசென்ன, கல்யாணம் ஆச்சா, போட்டோ அனுப்பு என்று கேட்டே கொன்றுவிட்டார்கள். மூன்றாம் நாள் அவளை அழித்துவிட்டுக் குள்ளனாகப் பிறந்தேன். இடுப்புவரை தாடி, காதுவரை மீசை. அதற்கப்புறம் ஒரு பயல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஆபீசிலும் கம்ப்யூட்டர், வீட்டிலும் கம்ப்யூட்டரா என்று கீழ்வீட்டு ஓனரம்மா ஒருநாள் கேட்டாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லிவைத்தேன். பாவம், எஸ்டேட்டில் பெண்களை இப்படியா பிழிகிறார்கள் என்று இரண்டு வடை கொடுத்தனுப்பினாள். அன்று மாலை அந்த வடையைத் தின்றுகொண்டே ஒரு டிராகனை அடித்தேன்.

எங்கள் குழுவில் இருபது பேர் இருந்தோம். ஹைதராபாத், புனே, மணிலா என்று பல ஊர்க்காரர்கள், பேச்செல்லாம் இங்கிலீஷில் தட்டச்சு. ஒருநாள் எல்லோரும் கும்பலாகச் செத்துக் கிடந்தபோது, நடுவில் ஒரு வரி வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் நம்ம பேச்சு: "இன்னாடா இது, சும்மா சும்மா சாவுறோம்." நான் தமிழா என்று கேட்டேன். மண்ணூர்பேட்டை என்றான். நான் திருநின்றவூர் என்றேன். "அட, நம்ம ஏரியா. இன்னா மாமே" என்றான். அன்றிலிருந்து நான் மாமே.

மண்ணூர்பேட்டை எங்கள் எஸ்டேட்டை ஒட்டின இடம். தினமும் ஷேர் ஆட்டோவில் அதன் வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. அவன் அங்கே ஏதோ ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிறவன், வாரத்துக்கொரு ஷிப்ட். பெயர் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. மாமே போதுமானதாக இருந்தது. நேரில் பார்த்திருந்தால் 'அவர்' என்றுதான் சொல்லியிருப்பேன். குள்ளனாக இருந்துகொண்டு யாரை அவர் இவர் என்பது?

எனக்கு அதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. நான் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர். 'கீது' என்று என் வாயில் வந்துவிட்டால் அம்மா கரண்டியைத் தேடுவாள். அந்தப் பேச்சு குவார்ட்டர்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இப்போது கரண்டி இல்லை, அம்மாவும் இல்லை. நான் ஆசை ஆசையாகத் தட்டினேன். ஒருமுறை 'நான் இங்கதான் கீது' என்று எழுதிவிட்டேன். நீ இன்னா பொருளா மாமே, கீறேன்னு சொல்லு என்று திருத்தினான். நான் குவார்ட்டர்ஸ் ஆளு, எனக்கு அவ்வளவுதான் வரும் என்று சமாளித்தேன்.

இரண்டு வருஷம் நான் மாட்டிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் என் சாமர்த்தியம் இல்லை, தமிழ். நான் வந்தேன், நான் போனேன், நான் சாப்பிட்டேன். 'நான்' சொல்கிறவரை ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது. பூனைக்கு உடம்பு சரியில்லை, முதுகு வலிக்கிறது, மழையில் ரயில் நின்றுவிட்டது என்று எல்லாவற்றையும் அவனிடம்தான் சொன்னேன். எதிலும் பொய் இல்லை. நிஜத்திலும் மீசை உண்டா என்று அவன் கேட்டபோது, பெரிய மீசை, லேசாகத் தொப்பையும் என்று சொன்னது ஒன்றுதான் பொய்.

போன் நம்பர் மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் பேச்சை மாற்றினேன். மைக் போட்டுப் பேசலாம் என்றான். என் மைக் ரிப்பேர் என்றேன். இரண்டு வருஷமாக ரிப்பேரில் இருந்த மைக் உலகத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். ஒருநாள் எங்கள் ஸ்டேஷன் வாசல் டீக்கடையைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டேன். பாலும் டீயும் அங்கேதான், ஏரியாவிலேயே அப்படி ஒரு டீ கிடையாது என்றேன். ஒரு நாள் வந்து குடிக்கிறேன் மாமே என்றான். வா வா என்றேன். வா என்று சொல்வது நமக்கு வழக்கம், அதற்காக அழைத்ததாக ஆகிவிடாது.

அவன் கிளம்பும்போது எழுதுவது எப்போதும் ஒன்றுதான். "செகண்ட் ஷிப்ட் டைம் ஆச்சு, வரேன்." போகிற ஆள் 'போறேன்' என்று சொல்ல மாட்டான் இல்லையா. நானும் வழக்கம்போல "சரி, வா" என்பேன்.

போன வருஷம் விளையாட்டில் ஒரு புது இனம் வரப்போவதாக அறிவித்தார்கள். பூமிக்கடியில் வாழும் கல் மனிதர்கள். இங்கிலீஷில் வாயில் நுழையாத ஒரு பெயர். நாங்கள் அவர்களுக்குக் கல்லான் என்று பெயர் வைத்தோம். படிக்காதவன் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. அது பொருத்தமாகத்தான் இருந்தது, ஏனென்றால் கல்லானுக்கு மேலே இருக்கிறவர்களின் பாஷை தெரியாது.

கல்லானாகப் பிறப்பது சும்மா இல்லை. நாற்பது வேலை முடிக்க வேண்டும். குகைகளில் விளக்கேற்ற வேண்டும், கல் சுமக்க வேண்டும், ஒரு குருட்டுக் கல் கிழவனை நாலு மலை தாண்டிக் கூட்டிப்போக வேண்டும். கடைசியாக ஒரு கதவு, அதன் இரண்டு சங்கிலியையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. நான் முந்திக்கொண்டேன். அவன் ஓவர்டைம் பார்த்ததில் அவனுக்கு இன்னும் எட்டு வேலை பாக்கி. ஆனாலும் என் கதவுக்கு வந்து மறுபக்கச் சங்கிலியை இழுத்துக் கொடுத்தான். கதவு திறந்ததும் சொன்னான்:

"ஒரு வாரம் பொறு மாமே. ரெண்டு பேரும் ஒண்ணா பொறக்கலாம்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. ஓனரம்மா குடும்பத்தோடு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாள். அவனுக்கு மூன்று நாளும் டூட்டி. வெள்ளி சாயங்காலம் ரயிலில் ஓர் அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்காரு என்று சொன்னதற்கப்புறம், ஞாயிறு மதியம்வரை என்னிடம் ஒரு மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், பூனையைத் திட்டினேன். அது எழுந்து போய்விட்டது. அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டுக் கல்லானாகப் பிறந்துவிட்டேன். ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. எனக்கு அப்போது புதிதாக ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

கல்லானுக்கு மீசை இல்லை, முகமே பாதிதான். சாம்பல் நிறம், மெதுவான நடை. கண்ணுக்கெட்டியவரை குகை, நடுவில் ஒரு கறுப்பு ஏரி. பழைய குள்ளனை விட்டுவிட்டு வந்ததால் எல்லாம் முதல் படியிலிருந்து. குழுவில் போய் வணக்கம் சொன்னேன். பதிலுக்கு அவர்கள் எழுதியதெல்லாம் 'க்ரூம் ஷகாத் வெக்ரா' என்று ஏதோ கிறுக்கலாக வந்தது. விளையாட்டின் ஏற்பாடு அது. இருபதாம் படிக்குப் போய் அங்கே ஒரு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவரை கல்லானுக்கு மற்றவர் பேச்சு புரியக் கூடாதாம். அவன் பேசுவதும் மற்றவருக்குப் புரியாதாம். இரண்டு நாளாகப் பேச ஆளில்லாமல் இருந்தவளுக்கு நல்ல விளையாட்டு.

மறுநாள் சாயங்காலம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் என் கடிதப் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. "இன்னா மாமே, சொல்லாமயே பொறந்துட்டியா? நல்லாகீது நாயம்." முழுசாக, தெளிவாக, ஓர் எழுத்துகூடக் கிறுக்கல் இல்லாமல். கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் புரிந்தது. விளையாட்டின் இயந்திரத்துக்கு இங்கிலீஷ் வார்த்தைகளைத்தான் தெரியும், அவற்றைத்தான் கிறுக்கலாக்கும். 'கீது' அதன் அகராதியில் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டது. நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா அடித்துத் துரத்திய பேச்சு ஒன்றுதான் அந்தக் குகைக்குள் வந்து சேர்ந்திருந்தது.

அவனுக்கு எழுதினேன்: "எல்லாரும் கிறுக்கலா தெரியறாங்க. நீ மட்டும் முழுசா தெரியுற மாமே." அவனுக்கு ரொம்பப் பெருமை. கோபம்கூடப் போய்விட்டது. அவனுடைய பாக்கி வேலைகளை முடிக்கிறவரை இப்படியே கடிதம் போட்டுக்கொள்ளலாம் என்றான். நடுநடுவே அவன் இங்கிலீஷ் வார்த்தை கலந்தால் அது மட்டும் கிறுக்கலாக வரும். அதை அவனிடம் சொல்லவில்லை. ஊகித்தே படித்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை வந்த கடிதம் இது: "மாமே, ஷ்ராகம் டும்ப்ளின் வெக், க்ளோத்தன் நா ஸுர்ம், வரேன்."

வழக்கமான வரிதான் என்று நினைத்தேன். ஏதோ ஷிப்ட், ஏதோ டைம், ஏதோ ஓவர்டைம், அதனால் கிளம்புகிறான். சோறு அடுப்பில் இருந்தது. நின்றவாக்கிலேயே தட்டினேன்: "சரி, வா."

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு என்று எனக்குத் தெரியும். காலையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு ஏரிக்கு அடியில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன், அதை அவனிடம் சொல்ல வேண்டும். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியவே இல்லை. பத்தரைக்குப் பால் இல்லையென்று கடைக்கு ஓடினேன், வாங்கினேன், ஓடி வந்தேன். அப்போதும் விளக்கு இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாரத்தில் ஒருநாள், அதிலும் ஆளைக் காணோம்.

மதியம் மூன்று மணிக்குக் கடிதம் வந்தது. "ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேன் மாமே. நீ வர்ல."

விளையாட்டில் எங்களுக்கு ஒரு பாலம் உண்டு. இரண்டு வருஷமாக அங்கேதான் சந்திப்போம். கல்லான் குகையை விட்டு அந்தப் பாலத்துக்கு வரவே முடியாது. அது தெரிந்தும், நான் பால் வாங்கவோ சமைக்கவோ எழுந்த நேரத்தில் அங்கே போய் நின்றிருக்கிறான், அதையும் பெரிய தியாகம் மாதிரி சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். காலையிலிருந்து காத்துக் கிடந்தது நானல்லவா. அவன் பாணியிலேயே, அவனிடம் கற்ற பேச்சிலேயே, நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு எழுதினேன்:

"நின்னா இன்னா, தேஞ்சா பூட்டே?"

அதற்கப்புறம் அந்தப் பச்சை விளக்கு எரியவில்லை.

ஒரு வாரம் ரோஷம் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் கடிதம் போட்டேன். மூன்றாம் வாரம் தினமும் போட்டேன். வேறு வேலை இல்லாததால் கல்லானைப் படிப்படியாக ஏற்றினேன். அவனுக்கு உடம்பு சரியில்லையோ, ஷிப்டில் கைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றெல்லாம் ஓடியது. பிரஸ் ஷாப்பில் அடிக்கடி அப்படி ஆகும் என்று அவனே சொல்லியிருக்கிறான். பெயர் தெரியாமல் யாரைப் போய் விசாரிப்பது?

ஒரு சனிக்கிழமை மாலை கல்லான் இருபதாம் படியைத் தொட்டான். கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வைத்தேன். குழுவில் யாரோ ஜலதோஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது பளிச்சென்று புரிந்தது. பெட்டியில் இருந்த பழைய கடிதங்களும் அப்போது தெளிந்துவிடும் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய கடிதங்களைச் சும்மா மறுபடி படிக்கலாம் என்றுதான் திறந்தேன்.

"மாமே, சண்டே மார்னிங் டென், ஸ்டேஷன் டீ ஷாப், வரேன்."

அந்த வரியில் தமிழ் இரண்டே சொல். மாமே, வரேன். அந்த இரண்டைத்தான் இயந்திரம் என்னிடம் கொடுத்தது. நம்ம பேச்சு இப்படி ஆகிவிட்டதே என்று யாரையாவது திட்டலாமா என்று பார்த்தேன். திட்ட முடியவில்லை, நானும் இப்படித்தான் பேசுகிறேன். அவன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை 'வரேன்' என்பதை வருகிறேன் என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தான். நானும் "சரி, வா" என்று சொல்லியிருந்தேன். அவன் வந்தான். வந்தவனைப் பார்த்துத்தான் தேஞ்சா பூட்டே என்று கேட்டேன்.

அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அதைவிட வெட்கமான கேள்வி ஒன்று இருந்தது. சரியாகப் படித்திருந்தால் போயிருப்பேனா? போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. மைக் ரிப்பேர் மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லித் தட்டிக் கழித்திருப்பேன். ஆனால் வராதே என்று சொல்லியிருப்பேன். நிற்க வைத்திருக்க மாட்டேன்.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு டீக்கடைக்குப் போனேன். கடைக்காரரிடம், ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது இங்கே வந்து ரொம்ப நேரம் நின்றார்களா என்று கேட்டேன். எத்தனையோ பேர் நிற்கிற இடம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த மீச கேஸா? பெரிய மீசயாம், தொப்பயாம், பேரு தெர்யாதாம். இந்தப் பக்கம் வர்ற போற ஆம்பளைங்க ஒருத்தர வுடல, நீயா மாமேன்னு கேட்டுகினே கீறாரு. ரெண்டு டீ சொன்னாரு. ஒண்ணு அப்டியே ஆறிப்பூட்ச்சு."

ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு. சட்டய நல்லா இஸ்திரி பொட்டி போட்டுகினு வந்திருந்தாரு. ஏம்மா, நீங்ககூட அன்னிக்கு ஓடியாந்து பால் வாங்கினீங்களே. ஒங்களுக்கு வழி வுட்டு ஒதுங்கி நின்னாரே, அவுருதான்."

எவ்வளவு முயன்றும் எனக்கு அந்த முகம் ஞாபகம் வரவில்லை. நான் பார்க்கவே இல்லை. வழி விட்ட ஆளை யார் பார்க்கிறார்கள், அதுவும் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டது போட்டபடி விட்டுவந்த அவசரத்தில். அந்தப் பக்கம் வந்த ஆம்பளை அத்தனை பேரையும் கேட்டவன், எதிரில் வந்து நின்ற என்னை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி நான் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன்.

இப்போது மண்ணூர்பேட்டை வழியாகப் போகும்போது ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஷிப்ட் விட்டு வருகிறவர்களில் கண்ணாடி போட்ட ஒல்லி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு பேர் என்னைத் திருப்பி முறைத்திருக்கிறார்கள்.

அன்று கடையிலிருந்து வந்ததும் கல்லானை எடுத்து ஒரு கடிதம் எழுதினேன். எந்த இயந்திரமும் கை வைக்க முடியாதபடி, ஓர் இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல் பார்த்து எழுதினேன்: "அன்னிக்கு உன்ன தாண்டி பால் வாங்கிகினு போனவ நான்தான் மாமே."

'போனவ' என்பதை மட்டும் நாலு தடவை அழித்து அழித்துத் தட்டினேன். ஒளித்து வைத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பிறகு அனுப்பிவிட்டேன். கடிதத்தை எதிராளி பிரித்தால் உறையின் நிறம் மாறும். இன்னும் மாறவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு நான் பால் வாங்கப் போகிறேன். வீட்டில் பால் இருந்தாலும் போகிறேன். மெதுவாக வாங்குகிறேன்.